அட்டை போய் ஃபைல் வந்தால் கூலியை யார் பேசுவது?

தறிக்கு மேலே ஒரு ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து மாலைபோலத் தொங்கும் துளையிட்ட அட்டைகள். நெசவாளி மிதியை அழுத்தும்போது ஒரு அட்டை நகர்ந்து முன்னால் வந்து நிற்கிறது. துளை இருக்கும் இடத்தில் கொக்கி எழுகிறது, கொக்கியில் கட்டிய பாவு இழைகள் மேலே தூக்கிக்கொள்கின்றன. துளை இல்லாத இடத்தில் இழை கீழேயே தங்கிவிடுகிறது. நாடா ஒருமுறை குறுக்கே ஓட ஓர் அட்டை. கரையில் ஓடும் அன்னமும் முந்தியில் விரியும் மயிலும் இப்படி நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான அட்டைகளின் வழியாகத்தான் பட்டில் இறங்குகின்றன. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் வட்டாரம் ஆரணி நகரத்தோடு முடிந்துவிடுவதில்லை. வந்தவாசி வட்டத்தில் இருக்கும் தேசூர் பேரூராட்சியைப் போன்ற சிறிய ஊர்களுக்கும், அங்கே வீட்டுக்குள்ளேயே போட்ட தறிகளுக்கும் அது நீள்கிறது. அந்தத் தறிகளுக்கு மேலே இருக்கும் பெட்டிக்கு இப்போது மாற்று வந்துவிட்டது. எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அட்டை கிடையாது. கணினியில் வரைந்த டிசைனை ஒரு பென் டிரைவில் ஏற்றிப் பெட்டியில் செருகினால், எந்தக் கொக்கி எழ வேண்டும், எது தங்க வேண்டும் என்பதை மின்காந்தங்கள் பார்த்துக்கொள்கின்றன. இது வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் பல இடங்களில் நடக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: பெட்டி மாறும்போது கூலிக் கணக்கும் மாறுமே, அந்தக் கணக்கை எழுதும் இடத்தில் நெசவாளி உட்கார்ந்திருப்பாரா?

கைத்தறிப் பட்டில் கூலி மணிக்கணக்கில் கிடையாது, சேலைக் கணக்கில்தான். பட்டும் ஜரிகையும் எடைபோட்டுக் கொடுக்கப்படும். நெய்த சேலை எடைபோட்டு வாங்கப்படும். உடலையும் கரையையும் இணைக்கும் கோர்வை உண்டா, கரை ஒரு பக்கமா இரு பக்கமா, புட்டா எத்தனை, முந்தி எவ்வளவு நீளம் என்று பார்த்துக் கூலி பேசுவார்கள். இந்த ஒற்றைத் தொகைக்குள் வெளியே தெரியாத உழைப்பு நிறைய அடங்கிக் கிடக்கிறது. ஊடை நூலைத் தாராகச் சுற்றுவது, அறுந்த இழையை முடிவது, பாவு தீர்ந்தால் பழைய இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாகப் புணைப்பது, கோர்வைச் சேலையில் மறுபக்கம் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கித் தருவது எல்லாம் இதில் சேரும். பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் செய்யும் வேலைகள் இவை. எந்தச் சீட்டிலும் தனியாக எழுதப்படுவதில்லை. இந்த நிலையில் தறியின் ஒரு பாகம் மாறினால் என்னென்ன மாறும் என்று யோசித்துப் பாருங்கள். மோட்டார் பெட்டியைத் தூக்கினால் நெசவாளியின் முழங்காலுக்கு ஓய்வு, அது மறுக்க முடியாத நன்மை. சேலை ஒரு நாள் முன்னதாக முடியலாம். அந்த ஒரு நாள் யாருடையது? நெசவாளிக்கு மிச்சமாகும் நேரமா, அல்லது “இப்போதுதான் வேலை சுலபமாகிவிட்டதே” என்று கூலியிலிருந்து கழிக்கப்படும் தொகையா? பெட்டியின் விலையை யார் தருவது? நெசவாளி கடன் வாங்கிப் போட்டால் வட்டியைக் கூலியில் சேர்ப்பார்களா? நடு முந்தியில் மின்சாரம் போய், கட்டுப்பாட்டுக் கருவி பழுதாகி, மெக்கானிக் வரும்வரை இரண்டு நாள் தறி நின்றால் அந்த இரண்டு நாளுக்கு யார் பொறுப்பு? அட்டை மாலை நெசவாளி வீட்டுப் பரணில் இருந்தது. ஃபைல் வியாபாரியின் கணினியில் இருக்கிறது. அப்படியானால் டிசைன் யாருக்குச் சொந்தம்? கருவியைச் செய்யும் பொறியாளர் இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாது. கூலி பேசும்போதே பேசித் தீர்க்க வேண்டியவை இவை.

இதே கேள்விகளோடு ஒரு நெசவாளர் நகரம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே போராடியிருக்கிறது. ஜோசப் மேரி ஜக்கார்டு தன் இயந்திரத்தை 1804-இல் முன்வைத்த பிரான்சின் லியோன் நகரம்தான் அது. அங்கும் பட்டு நெசவுதான். அங்கும் வியாபாரி பட்டைக் கொடுப்பார், நெசவாளி தன் வீட்டில் தன் தறியில் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவார். ஜக்கார்டு பெட்டி உயரமானது என்பதால் அதற்கென்றே உயரமான கூரை போட்ட வீடுகள் க்ருவா ரூஸ் குன்றில் எழுந்தன. இயந்திரத்துக்கு இடம் கொடுக்க வீடே மாறியது என்று சொல்ல வேண்டும். 1806-இல் வியாபாரிகளும் நெசவு வீட்டுத் தலைவர்களும் சேர்ந்து உட்காரும் ஒரு வழக்குமன்றம் அங்கே சட்டப்படி அமைந்தது. அதில் பெரும்பான்மை வியாபாரிகளுக்குத்தான். 1831 வாக்கில் ஜக்கார்டு தறிகள் அந்த ஊரில் சாதாரணமாகிவிட்டன. கூலியோ இறங்கிக்கொண்டே போனது. அந்த ஆண்டு அக்டோபரில் நெசவாளர்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்து, மாவட்ட ஆட்சித் தலைவரின் முன்னிலையில் வியாபாரிகளோடு பேசி, ஒரு குறைந்தபட்சக் கூலிப் பட்டியலில் உடன்பாடு கண்டார்கள். வியாபாரிகளில் ஒரு பகுதியினர் அதை ஏற்க மறுத்தார்கள். வெளிநாட்டுப் போட்டியைக் காரணம் காட்டினார்கள். அந்தப் பட்டியலுக்குச் சட்ட பலம் இல்லை என்று அரசும் கைவிரித்தது. நவம்பர் 21 அன்று கலகம் மூண்டது. சில நாள் நகரமே நெசவாளர் கையில் இருந்தது. டிசம்பர் தொடக்கத்தில் படை வந்தது, பட்டியல் ரத்தானது, அதற்குத் துணைநின்ற ஆட்சித் தலைவரும் பதவி இழந்தார். இயந்திரத்துக்கு எதிரான கலவரம் என்று இதை மேலோட்டமாகச் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் 1831-இல் அவர்கள் கேட்டது ஜக்கார்டை உடைப்பதை அல்ல. அந்த இயந்திரத்தை ஓட்டிக்கொண்டேதான் கூலிப் பட்டியலைக் கேட்டார்கள். பேசி எழுதிய தாளைச் சட்டம் காப்பாற்றாமல் போனதுதான் ரத்தத்தில் முடிந்தது.

ஜக்கார்டின் அட்டை தறியோடு நின்றுவிடவில்லை. துளை இருந்தால் ஒரு செயல், இல்லாவிட்டால் வேறொரு செயல் என்ற அந்த யோசனையை இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹோலரித்தின் துளை அட்டைகள் எண்ணும் வேலையைச் செய்தன. கணினியின் முன்னோர் வரிசையில் பட்டுத்தறி இருக்கிறது என்பதை நம் நெசவாளர்கள் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கணினி திரும்பித் தறிக்கு வந்தது 1983-இல், மிலான் நகரக் கண்காட்சியில் போனாஸ் நிறுவனம் எலக்ட்ரானிக் ஜக்கார்டை வைத்தபோது. அதே 1983-இல், தறிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில், நம் நாட்டில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தேசூர் நெசவாளிக்கு அந்த ஒப்பந்தம்தான் அதிகம் பயன்படும் என்பது என் கருத்து.

செப்டம்பர் 8, 1983 அன்று இந்திய வங்கிகள் சங்கமும் வங்கி ஊழியர் சங்கங்களும் வங்கிகளை இயந்திரமயமாக்குவது பற்றிய உடன்பாட்டில் கையெழுத்திட்டன. அதுவரை கணினி என்றாலே சங்கங்களின் பதில் பெரும்பாலும் ‘கூடாது’ என்பதாக இருந்தது. 1960-களில் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் கணினி வைப்பதை எதிர்த்துக் கொல்கத்தாவில் ஊழியர்கள் நடத்திய நீண்ட போராட்டம் இன்றும் தொழிற்சங்க வரலாற்றில் பேசப்படுகிறது. 1983-இல் கேள்வியே மாறியது. எத்தனை இயந்திரம், எந்த வேலைக்கு, எந்த மாதிரிக் கிளைக்கு, அதை இயக்குபவருக்கு என்ன சிறப்புப்படி, யாரையும் வேலையை விட்டு அனுப்பக் கூடாது என்ற உறுதி எப்படி எழுதப்பட வேண்டும் என்று பேச்சு நகர்ந்தது. அதன் பிறகே ரிசர்வ் வங்கி அமைத்த சி. ரங்கராஜன் குழு 1984-இல் தந்த திட்டத்துக்கு நடைமுறை வழி கிடைத்தது. 1987-இலும் 1993-இலும் அடுத்தடுத்த உடன்பாடுகள் வந்தன. வங்கிக் கவுன்டரில் பேரேட்டின் இடத்துக்குத் திரை வந்தபோது லட்சக்கணக்கான எழுத்தர்கள் அதே நாற்காலியில் தொடர்ந்து உட்கார முடிந்ததற்கு இந்தத் தாள்கள் ஒரு முக்கியக் காரணம். இதன் குறையையும் சொல்லியாக வேண்டும். உடன்பாடு ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களைக் காத்தது. இனி வர வேண்டியவர்களைப் பற்றி அது அதிகம் பேசவில்லை. 2000-01 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள், அந்த இடங்கள் பழையபடி நிரப்பப்படவில்லை. பேச்சுவார்த்தை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பேச்சுவார்த்தை நடந்த இடத்தில் மாற்றத்தின் வேகத்துக்கும் விலைக்கும் ஓர் எல்லை கிடைத்தது. நடக்காத இடத்தில் அதுவும் கிடைக்கவில்லை.

இந்த வழி இந்தியாவுக்குப் புதிதும் இல்லை. 1957-இல் கூடிய 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாட்டை, தேவையின் அடிப்படையில் குறைந்தபட்ச ஊதியம் என்ன என்று வரையறுத்ததற்காக எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே மாநாடு இயந்திரச் சீரமைப்புக்கும் ஒரு மாதிரி உடன்பாட்டை ஏற்றது. இருப்பவர்களின் வேலை போகக் கூடாது, கிடைக்கும் லாபம் நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும், வேலைப்பளு முறையாக அளக்கப்பட வேண்டும் என்பவை அதன் சாரம். தொழில் தகராறுச் சட்டத்தின் 9ஏ பிரிவு, வேலைநீக்கத்துக்கு இட்டுச் செல்லக்கூடிய இயந்திர மாற்றத்துக்கு முன்னால் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று சொல்லியது; 2020-இன் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் முன்னறிவிப்புக்கு இடம் இருக்கிறது. ஆனால் இந்தப் பாதுகாப்பெல்லாம் ஆலைக் கதவுக்கு உள்ளே இருப்பவருக்கு. தன் வீட்டுத் திண்ணைக்குப் பின்னால் குழித்தறியில் உட்கார்ந்திருக்கும் கூலி நெசவாளிக்கு முதலாளி யார் என்பதே எழுத்தில் இருக்காது. அவருக்கு 21 நாள் நோட்டீஸ் தருபவர் எவரும் இல்லை. வீட்டில் இருந்து உழைப்போருக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் ஓர் ஒப்பந்தம் கொண்டுவந்தது, இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை. தொழில்நுட்ப மாற்றத்தின் முழுச் செலவையும் தன் வீட்டில், தன் கூரையின் கீழ், தன் கடனில் ஏற்பவர்தான் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லும் சட்ட உரிமை மிகக் குறைவாக உள்ளவர். இந்த முரண் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

கைத்தறிக்கென்று உள்ள அமைப்புகளைப் பார்த்தாலும் காட்சி பெரிதாக மாறுவதில்லை. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறிப் பொருள் ஒதுக்கீட்டுச் சட்டம் சேலை உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கு ஒதுக்கியது. தொடக்கத்தில் 22 வகைகள் இருந்தன. பின்னர் அது 11 ஆகக் குறைந்தது. 1993-இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை உறுதிசெய்தது. விசைத்தறி அல்லாத எந்தத் தறியும் கைத்தறி என்பதே அதன் வரையறை. 2012-இல் இந்த வரையறையைத் தளர்த்தி, நெசவில் ஏதாவது ஒரு வேலை மனிதக் கையால் நடந்தாலே கைத்தறி என்று ஏற்கலாம் என ஒரு யோசனை எழுந்தது. நெசவாளர்கள் எதிர்த்தார்கள், அப்படி வந்தால் மோட்டார் நெய்த சேலைக்கும் கைத்தறிப் பெயர் கிடைத்துவிடும் என்று பயந்தார்கள். சட்டம் மாறவில்லை. ஆனால் அந்த யோசனைக்குள் உண்மையான ஒரு கேள்வி இருந்தது. பெட்டியைத் தூக்க மட்டும் சிறு மோட்டார் வைத்து, நாடாவையும் பலகையையும் கையாலேயே இயக்கும் தறி எந்தப் பக்கம் சேரும்? முழங்கால் தேய்ந்த ஐம்பது வயது நெசவாளிக்கு அந்த மோட்டார் இன்னும் பத்து ஆண்டுத் தொழிலைத் தரலாம். அதே மோட்டாரை அடுத்து நாடாவுக்கும் மாட்டினால் அது விசைத்தறி. கோட்டை எங்கே போடுவது என்று தறியில் உட்காருபவரைத்தான் முதலில் கேட்க வேண்டும். கேட்பதற்கான அகில இந்தியக் கைத்தறி வாரியம் என்ற ஆலோசனை அமைப்பு ஒன்று இருந்தது. அது ஜூலை 2020-இல் கலைக்கப்பட்டது. வாரியத்தால் பெரிய பயன் இல்லை என்று சொன்னவர்கள் உண்டு, அதில் ஓரளவு நியாயமும் இருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஈ-ஷ்ரம் தளம் வந்து, முறைசாராத் தொழிலாளர் அனைவரையும் பதிவுசெய்யச் சொன்னது. நெசவாளரைப் பற்றிய தகவல் சேகரிப்பு இப்படி வளர்ந்துகொண்டே போகிறது. அவர் உட்கார்ந்து பேச இருந்த ஒரே தேசிய இருக்கையோ எடுக்கப்பட்டுவிட்டது.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, தொழிலே அழிந்துகொண்டிருக்கும்போது கருவியைப் பற்றிப் பேரம் பேசிக்கொண்டிருக்கலாமா என்பது. 2009-10 கணக்கெடுப்பில் நாட்டில் 43.31 லட்சமாக இருந்த கைத்தறித் தொழிலாளர் 2019-20 கணக்கெடுப்பில் 35.22 லட்சமாகக் குறைந்தார்கள். கவலைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அதே கணக்கெடுப்பு இன்னொன்றையும் சொல்கிறது: நெசவாளர் குடும்பங்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. பிள்ளைகள் தறியை விட்டு வெளியேற இந்த வருமானம் ஒன்றே போதும். அதை உயர்த்தாத எந்தப் பெட்டியும் அவர்களைத் திரும்ப அழைத்து வராது. புதிய பெட்டியால் சேலை சீக்கிரம் முடிந்து, அதற்கேற்ப சேலைக் கூலி இறங்கினால், மாத வருமானம் அதே இடத்தில் நிற்கும். கூடுதலாகக் கடன் தவணை சேரும். கூலியைப் பற்றிப் பேசாமல் கருவியை மட்டும் கொடுப்பது வெளியேற்றத்தை வேகப்படுத்தவும் கூடும். முன்பு நடந்த மாற்றமும் இதைத்தான் காட்டுகிறது. ஜக்கார்டு வருவதற்கு முன் காஞ்சிபுரம் வட்டாரத்தில் ‘அடை’ என்ற முறை இருந்தது. டிசைனை நூல் கண்ணிகளாகக் கட்டிவைத்து, உதவியாள் ஒருவர் அவற்றை இழுத்துக் கொடுக்க வேண்டும். அந்த உதவியாள் பல இடங்களில் சிறுவராகவே இருந்தார். ஜக்கார்டு அவர்களைத் தறியடியிலிருந்து எழுப்பிவிட்டது நல்லதே. இயந்திரத்தை வெறுப்பதற்குக் காரணம் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை. ஆனால் உதவியாள் குறைந்ததன் பலன் நெசவாளி வீட்டில் தங்கியதா, சந்தை விலையில் கரைந்ததா என்பது ஒவ்வொரு ஊரிலும் கூலி எப்படிப் பேசப்பட்டது என்பதைப் பொறுத்தது.

இரண்டாவது வாதம், நெசவாளிக்குக் கணினி தெரியாது, அவர் என்ன ஆலோசனை சொல்லப்போகிறார் என்பது. 1983-இல் வங்கி ஊழியர் பிரதிநிதிகள் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களாகப் போய் உட்காரவில்லை. நார்வேயில் 1970-இல் உலோகத் தொழிலாளர் சங்கம் இதே குறையை வேறு விதமாகத் தீர்த்தது. சிமுலா என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டன் நிகார்டைச் சங்கம் தன் பக்கம் சேர்த்துக்கொண்டது. தொழிற்கூடங்களிலேயே தொழிலாளர் குழுக்கள் அமைந்தன. தங்கள் வேலைக்கு வரப்போகும் கணினி அமைப்பை அவர்களே படித்து, கேள்வி எழுப்பி, மாற்றுச் சொன்னார்கள். 1975-இல் நாட்டின் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் சங்கத்துக்கும் இடையே கணினி பற்றிய பொது உடன்பாடு ஏற்பட்டது. நிர்வாகம் புதிய அமைப்பைப் பற்றி முன்கூட்டியே, புரியும் மொழியில் சொல்ல வேண்டும், தொழிலாளர் தரப்பில் இதற்கென்றே ஒரு பிரதிநிதி இருக்கலாம் என்று அதில் எழுதப்பட்டது. ‘புரியும் மொழியில்’ என்ற நிபந்தனையை நம் ஊருக்கு எடுத்துவந்தால் அதன் அருமை தெரியும். பெட்டியோடு வரும் கையேடு தமிழில் இருக்க வேண்டும் என்று கேட்பதற்கே ஒரு அமைப்பு வேண்டியிருக்கிறது. மேலும் நெசவாளிக்குத் தெரிந்தது பொறியாளருக்குத் தெரியாது. மழைக்காலத்தில் பாவு எப்படித் தளரும், எத்தனை வேகத்தில் ஜரிகை அறும், கோர்வையில் உடலும் கரையும் சேரும் இடத்தில் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதெல்லாம் தறியில் உட்கார்ந்த கைக்குத்தான் தெரியும். இதைக் கேட்காமல் வடிவமைத்த கருவி மானியத்தில் வாங்கப்பட்டு மூலையில் கிடக்கும். பணம் போட்ட அரசுக்கும் அது நஷ்டம்.

மூன்றாவது வாதம் கனமானது, எளிதில் தள்ளிவிட முடியாதது. வங்கிக்கும் நார்வே ஆலைக்கும் ஒரு நிர்வாகம் இருந்தது. கைத்தறியில் யாரோடு பேசுவது? ஒரு வியாபாரி கூலிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டால் இன்னொருவர் குறைந்த கூலிக்கு வேறு ஊரில் நெய்துகொள்வார்; ஆரணியை விட்டால் காஞ்சிபுரம், அதையும் விட்டால் தர்மாவரம். லியோன் வியாபாரிகள் 1831-இல் சொன்ன அதே காரணம். அங்கே நடந்த தவறும் இங்கே பாடமாகிறது: இரு தரப்பு உடன்பாட்டுக்கு மூன்றாவதாகச் சட்டத்தின் கையெழுத்து வேண்டும், அது ஒரு வட்டாரம் முழுவதற்கும் பொருந்த வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. கைத்தறித் தொழிலாளருக்கென்றே 1981-இல் இயற்றிய சட்டம் உண்டு, நல வாரியம் உண்டு. குறைந்தபட்ச ஊதியத்தைச் சேலைக் கணக்கில், அதாவது துண்டு வேலைக்கும் நிர்ணயிக்கலாம் என்று 1948 சட்டம் சொன்னது, அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. அதை நிர்ணயிக்கும் குழுவில் முதலாளிகளும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும் என்பதும் சட்டமே. இந்தக் குழுக்கள் இதுவரை தறி மாறுவதை ஒரு தனிப் பொருளாக எடுத்துப் பேசியாக வேண்டிய கட்டாயம் இல்லாமல் இருந்தது. இப்போது கட்டாயம் வந்துவிட்டது. கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து தொடங்குவது எளிது என்று நினைக்கிறேன். அங்கே அடிப்படைக் கூலி, அகவிலைப்படி என்ற பிரிப்பு பழக்கத்தில் இருக்கிறது, நிர்வாகம் அரசின் கண்காணிப்பில் இருக்கிறது, நெசவாளியே உறுப்பினர். சங்கத்தில் ஒருமுறை எழுதிவிட்டால் தனியார் கூலி பேசுமிடத்திலும் அதைக் காட்டிப் பேசலாம்.

எதை எழுதுவது? முதலில் பெட்டி வகை. அட்டைப் பெட்டியில் நெய்த சேலைக்கும் எலக்ட்ரானிக் பெட்டியில் நெய்த சேலைக்கும் கூலி எப்படி, குறைவதானால் எவ்வளவுக்கு மேல் குறையக் கூடாது, பெட்டி யாருடையது என்பதைப் பொறுத்து அது எப்படி மாறும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். நெசவாளி வாங்கிய பெட்டி என்றால் தேய்மானமும் மின்சாரமும் கூலியில் தனி வரியாக வர வேண்டும். கைத்தறி நெசவாளருக்கு அரசு தரும் இலவச மின்சாரம் வீட்டு நெசவுக்கானது, அதை வியாபாரியின் லாபக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. பழுதாகித் தறி நிற்கும் நாளுக்குக் காத்திருப்புப்படி வேண்டும். ஃபைலைப் பொறுத்தவரை என் நிலை இது: நெசவாளி சொன்ன திருத்தம் டிசைனில் இருந்தால் அவர் பெயரும் ஃபைலோடு பதிய வேண்டும், அவர் நெய்த டிசைன் வேறு ஊர் விசைத்தறிக்குப் போவதானால் அவரிடம் கேட்க வேண்டும். இது கடினமான கோரிக்கை என்று தெரியும். ஆனால் ஒரு போன் படத்திலிருந்து டிசைனைப் பிரித்தெடுத்து விசைத்தறியில் ஓட்டும் காலத்தில் இதைக் கேட்காமல் விட்டால், கைத்தறிச் சேலையின் கடைசித் தனித்தன்மையும் இலவசமாகப் போய்விடும். எடைக் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் செயலியில் ஏறும்போது நெசவாளியின் போனிலும் அதே கணக்கு, அதே நாளில், தமிழில் தெரிய வேண்டும். ஜரிகை குறைந்தது என்று பிடித்தம் செய்யும்போது எதிர்க்கேள்வி கேட்கக் கையில் சான்று இருக்க வேண்டும் அல்லவா? எழுதாமல் தள்ளிப்போட்டால் இந்த வரிகளை யாரோ ஒருவர் மென்பொருளுக்குள் எழுதிவிடுவார். திரையில் வரும் எண்ணோடு யாரும் பேரம் பேச முடியாது.

இன்னும் ஒன்று, இதுவே எனக்கு முக்கியம். நாட்டின் கைத்தறி நெசவாளர்களில் எழுபது விழுக்காட்டுக்கும் மேல் பெண்கள். பட்டு வட்டாரங்களில் தறியில் ஆண் பெயர் இருந்தாலும் தாரும் புணைப்பும் மறுபக்க நாடாவும் பெண்ணின் கையில்தான். பெட்டி மாறி நெசவு வேகமானால் தார் வேகமாகத் தீரும். சுற்றுபவரின் வேலை கூடும். அட்டை குத்துவதும் கோப்பதும் சிலரின் பிழைப்பு. அட்டை போனால் அது போகும். அவர்களுக்குக் கணினி டிசைன் பயிற்சியில் முதல் இடம் தர வேண்டும் என்று கேட்பதற்குச் சங்கக் கூட்டத்தில் அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் இங்கே தங்களைத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது: தறிக்கு ஒருவர் என்று உறுப்பினர் சேர்க்கும் வழக்கத்தில் தார் சுற்றுபவருக்குச் சீட்டு கிடைப்பதில்லை. அடுத்த கூலி உயர்வுப் பேச்சுவார்த்தையில் தேசூரிலிருந்தும் ஆரணியிலிருந்தும் பிரதிநிதிகள் போகும்போது, அவர்கள் கொண்டுபோகும் மனுவில் சதவீத உயர்வுக்குக் கீழே பெட்டி, ஃபைல், காத்திருப்புப்படி, தார்க் கூலி என்ற நான்கு வரிகள் சேர்ந்திருக்க வேண்டும். நான்காவது வரியைச் சொல்ல, அதைச் செய்பவரே அந்தக் கூட்டத்துக்குப் போக வேண்டும்.